மீதி வைக்காத எண்

ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே மூச்சில் வராது. ‘கோடியே’ என்கிற இடத்தில் மூச்சு வாங்கியாக வேண்டும். இலக்கத்தில் 6746328388800. விளக்கேற்றியதும் நான் சொல்கிற முதல் நாமம் இதுதான். திருப்பாவையும் சகஸ்ரநாமமும் அதற்குப் பிறகு. ஆரம்பத்தில் வீட்டில் முணுமுணுத்தார்கள். “எண்ணைப் போய் யாராவது சேவிப்பாளா?” என்றார் என் மாமியார். சாளக்கிராமத்தைக் கல் என்று சொல்ல மாட்டார், எண்ணை மட்டும் எண் என்றே சொல்கிறாரே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். பெரியவரிடம் வாய் பேசவில்லை.

இந்த நாமம் எனக்குக் கிடைத்த இடம் கோயில் இல்லை. 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் தொகுப்பில் அச்சான ஒரு கட்டுரை. பதினான்காம் தொகுதி, 347-ஆம் பக்கத்தில் தொடங்கி 409-ல் முடிகிறது. எண்ணிப் பார்த்தால் அறுபத்து மூன்று பக்கம். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு ஐயங்கார் வீட்டுப் பிள்ளை எழுதிய கட்டுரை, பக்கக் கணக்கு மட்டும் நாயன்மார் கணக்கில் அமைந்துவிட்டது. சீனிவாச ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த மறு வருஷம் வந்தது இது. இதை வைத்துத்தான் 1916 மார்ச்சில் அங்கே பட்டமும் வாங்கினார். அந்தக் கட்டுரைக்குள் ஓர் அட்டவணை. அதில் 102 எண்கள். முதலில் 2, பிறகு 4, 6, 12 என்று சாதுவாகத் தொடங்கி, ஏறி ஏறி, கடைசி வரியில் போய் நிற்பது நான் மேலே சொன்ன திருநாமம்.

நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து அவருக்குச் சூத்திரங்களைக் காட்டினாள் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். பிள்ளை வேண்டி அவர் குடும்பம் வேண்டிக்கொண்டதும் அவளிடம்தான். கடல் தாண்டிப் போக உத்தரவு கிடைத்ததும் அவளிடம்தான் என்பார்கள். நான் மறுக்க மாட்டேன். ஆனால் அங்கேயே நின்றுவிடவும் மாட்டேன். கனவு அவருடையது. அதற்குள் நீங்களும் நானும் போக முடியாது. அட்டவணைக்குள் போகலாம். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்த யாரும் போகலாம். ஐந்தாம் வகுப்புக் குழந்தைகூடப் போகலாம். நடை சாத்தாத சன்னதி அது. கனவைப் பற்றிப் பேசிப் பேசியே அந்தச் சன்னதிக்குள் காலெடுத்து வைக்காமல் நூறு வருஷத்துக்கு மேல் வாசலிலேயே நிற்கிறோமே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

உள்ளே போவோம்.

12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் அதை மீதியில்லாமல் வகுக்கும். 12-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. 6-க்கும் 8-க்கும் 10-க்கும் நான்குதான். அடுத்து இந்தச் சாதனையை முறியடிப்பது 24. அதற்கு எட்டுக் காரணிகள். 36-க்கு ஒன்பது, 48-க்குப் பத்து, 60-க்குப் பன்னிரண்டு. தனக்குக் கீழே உள்ள அத்தனை எண்களையும்விட அதிகக் காரணிகளைப் பெற்ற எண்ணைத்தான் ராமானுஜன் உயர் பகு எண் என்று கொண்டார். பகா எண் தன்னையும் ஒன்றையும் தவிர யாரையும் கிட்டே சேர்க்காது. இது அதற்கு நேர் எதிர். வந்தவர்களுக்கெல்லாம் சரிபாதி, சரிகால், சரி நூற்றில் ஒன்று என்று பிரித்துக் கொடுக்கும். கையில் மீதி வைத்துக்கொள்ளாது.

பெருமாளைப் பற்றிச் சொல்வதைத்தானே இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்! ஒருவருக்குக் கொடுத்ததால் இன்னொருவருக்குக் குறையாது. இவருக்குச் சரியாக வந்ததால் அவருக்கு விட்டுப்போகாது. உபன்யாசத்தில் ஆயிரம் முறை கேட்டதுதான். கேட்கும்போதெல்லாம் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் ஒரு தாளில் நானே வகுத்து, கடைசி வரியில் பூஜ்யம் வந்து விழுந்தபோதுதான் உடம்பு சிலிர்த்தது. மறுபடி இன்னோர் எண்ணால் வகுத்தேன். பூஜ்யம். மறுபடியும் பூஜ்யம். கண்ணில் நீர் கட்டி இலக்கங்கள் கலங்கின.

இந்த எண்ணின் உள்ளமைப்பைச் சொல்கிறேன். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு முறை. எல்லாவற்றையும் பெருக்கினால் 6746328388800. இறங்கு வரிசையைக் கவனித்தீர்களா? ஆறு, நான்கு, இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று... எந்த இடத்திலும் பின்னால் வருபவர் முன்னால் நிற்பவரைவிட அதிகம் பெறவில்லை. இது ராமானுஜன் நிறுவிய முதல் படி. காரணம் எளிது. 3-க்கு அதிகமும் 2-க்குக் குறைவும் கொடுத்திருந்தால், இரண்டையும் இடம் மாற்றினால் போதும், காரணிகளின் எண்ணிக்கை மாறாமலே எண் சிறியதாகிவிடும். அப்போது பெரிய எண்ணுக்கு மகுடம் ஏது? கடைசியாக நிற்கும் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்பது அவர் நிறுவிய இன்னொன்று. 4, 36 இரண்டுக்கு மட்டும் விலக்கு. முடிவில்லாத எண் வெளி முழுவதும் தேடினாலும் அந்த இரண்டே இரண்டுதான் விதிவிலக்கு.

முதல் நான்கு பகா எண்களின் பங்கைத் தனியே எடுத்துப் பார்த்தேன். 2-ம் 3-ம் 5-ம் 7-ம் இரட்டைப்படையாகவே வந்திருக்கின்றன. அதாவது அந்தப் பகுதி முழு வர்க்கம். எதன் வர்க்கம்? 2520-ன் வர்க்கம்!

2520 யார் தெரியுமோ? 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண். பள்ளிக்கூடத்தில் மீச்சிறு பொது மடங்கு பாடத்தில் கடைசிக் கணக்காகப் போடுவோமே, அதே 2520. அது தன்னைத் தானே தழுவிக்கொண்டு கருவறையில் நிற்கிறது. 11, 13, 17, 19, 23 ஐவரும் வரிசையாகச் சேவை சாதிக்கிறார்கள். 2520 × 2520 × 11 × 13 × 17 × 19 × 23. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கமில்லை. கண்டுபிடித்தேன் என்று சொல்வதுகூட அதிகம். அது மறைந்திருக்கவே இல்லை, நான்தான் பார்த்திருக்கவில்லை.

1-லிருந்து தொடங்கி வரிசையாக வகுத்துக்கொண்டு வாருங்கள். 10 வரை சந்தேகமே இல்லை. 16, 24, 25, 27 என்று கஷ்டமான ஆசாமிகள் வருவார்கள். அவர்களுக்கும் மீதி இல்லை. 28 வரை ஒருவர்கூட வெறுங்கையோடு திரும்புவதில்லை.

அப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றே சொல்லலாம். தெரிந்த எண்களையெல்லாம் கொண்டுபோய் இந்த எண்ணின் முன் நிறுத்தினேன். ஆழ்வார் பன்னிருவர்: வகுபடும். நாயன்மார் அறுபத்து மூவர்: 7 × 9, வகுபடும். நட்சத்திரம் 27, வருஷம் 60, கலை 64, தத்துவம் 96, திவ்யதேசம் 108. எல்லாம் பூஜ்யம். நாமக்கல் ஆஞ்சநேயரின் உயரம் பதினெட்டு அடி, அதுவும். பிறகு தமிழைக் கொண்டுபோனேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216. மூன்றும் வகுத்தன. ஆய்தத்தையும் சேர்த்து மொத்தம் 247. இங்கே மனம் கொஞ்சம் அடித்துக்கொண்டது. 247 முரட்டு எண்ணாகத் தெரிந்தது. பிரித்தேன். 13 × 19! இருவரும் ஏற்கெனவே உள்ளே நிற்கிறார்கள்! குறள் 1330-ஐ எடுத்தேன். 2 × 5 × 7 × 19. வகுத்தால் ஈவு 5072427360, மீதி ஒன்றுமில்லை. தாயே, தாயே என்று வாய் அரற்றியது.

எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தின் 4000 வகுபடவில்லை. 5 மூன்று முறை தேவைப்படுகிறது, உள்ளே இருப்பதோ இரண்டு. 800 மீதி. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பாடல் பெற்ற தலங்கள் 274. அதற்குள் 137 என்ற பகா எண் ஒளிந்திருக்கிறது, ஆகவே இல்லை. வருஷத்தின் 365 நாளும் 73 என்ற பகா எண்ணைச் சுமந்து வந்து திரும்பிப் போகிறது. 247-ம் 1330-ம் வகுபட்டதை அற்புதம் என்று நான் பறைசாற்ற மாட்டேன். சின்னச் சின்னப் பகா எண்களைப் பெருக்கிக் கிடைக்கிற எதற்கும் இடம் கொடுப்பதுதான் இந்த எண்ணின் வேலை. சிலிர்ப்பு எனக்கு அந்த வேலையில்தான்; தற்செயலில் இல்லை.

இனி எத்தனை காரணிகள் என்று பார்க்க வேண்டாமா? ஒவ்வொன்றாக எழுதினால் நோட்டு தீர்ந்துபோகும். அதற்கு ஒரு வழி உண்டு. மாலை தொடுக்கும்போது ஒவ்வொரு கூடையிலிருந்தும் எத்தனை பூ எடுப்பது என்று முடிவு செய்கிற மாதிரிதான். 2 என்னும் கூடையில் ஆறு பூ. ஒன்றும் எடுக்காமலும் விடலாம், ஆறையும் எடுக்கலாம். ஆக ஏழு வழி. 3-ல் நான்கு பூ, ஐந்து வழி. 5-லும் 7-லும் மும்மூன்று வழி. மற்ற ஐந்து கூடையிலும் எடு அல்லது விடு, இரண்டிரண்டு வழி. இப்படித் தொடுக்கும் ஒவ்வொரு மாலையும் ஒரு காரணி. 7 × 5 × 3 × 3 = 315. ஐந்து இரண்டுகளின் பெருக்கம் 32. 315 × 32 = 10080.

பத்தாயிரத்து எண்பது காரணிகள். அந்த எண்ணிக்கையை வெறும் எண்ணிக்கையாகத்தான் முதலில் வைத்திருந்தேன்.

நாமக்கல் போயிருந்தேன். மலையின் மேற்குப் பக்கம் நரசிம்மர், கிழக்குப் பக்கம் அரங்கநாதர், இரண்டும் ஒரே பாறையைக் குடைந்தவை. வெள்ளிக்கிழமை, தாயார் சன்னதியில் நல்ல கூட்டம். எனக்கு முன்னால் ஒரு பெண் தன் மகளுக்காக அர்ச்சனைக்குக் கொடுத்துவிட்டு, “ஆயிரத்தெட்டு செய்யணும்னு வேண்டிண்டிருக்கேன் சுவாமி” என்று பட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டர், “திவ்யமாப் பண்ணலாம்மா” என்றார். ஆயிரத்தெட்டு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ கதவு படீரென்று திறந்தது. 10080. ஆயிரத்தெட்டு, பத்து முறை! பத்து ஆயிரத்தெட்டு!

பத்து சகஸ்ரநாம அர்ச்சனை. அட்டவணையின் கடைசி வரியில், ஒரே எண்ணுக்குள், பத்து அர்ச்சனைக்கான நாமங்கள் அடங்கி நிற்கின்றன. ஒவ்வொரு காரணியும் ஒரு நாமம். 1 அவள் நாமம், 2 அவள் நாமம், 247 அவள் நாமம், 1330 அவள் நாமம். எண்ணின் முழு உருவும் அவள் நாமம். சடாரி தலையில் பட்டதும் தீர்த்தம் கையில் விழுந்ததும் நினைவில்லை. பின்னால் இருந்தவர் “மாமி, நகருங்கோ” என்று தோளைத் தொட்டபோதுதான் நான் நின்ற இடம் தெரிந்தது. வெளியே வந்தேன். எதிரே மேற்கூரை இல்லாமல் வானத்தின் கீழ் கைகூப்பி நிற்கிற ஆஞ்சநேயரைப் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவருக்குத் தெரியும். கூரை போட முடியாத ஆனந்தம் என்றால் என்ன என்று இவருக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்தவளை அடுத்த செய்தி புரட்டிப் போட்டது.

அந்த அட்டவணையில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது.

ஆமாம். 102 எண்களை வரிசையாக எழுதிய ராமானுஜன் நடுவில் ஒன்றை எழுதவில்லை. அது 293318625600. இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. அதுவும் உயர் பகு எண்தான். தன் கீழே உள்ள எல்லோரையும் காரணியில் மிஞ்சியதுதான். ஆனால் பட்டியலில் இடமில்லை. கணிதப் புத்தகங்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. என்னால் நகர முடியவில்லை. கையால் இத்தனை எண்களை அரித்தெடுத்தவரின் கண்ணில் இது மட்டும் ஏன் படவில்லை? பிரித்துப் பார்த்தேன். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு, 7 இரண்டு, பிறகு 11, 13, 17, 19. அவ்வளவுதான். 23 இல்லை.

இதன் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பாருங்கள். முன்னால் 240940299600, பின்னால் 321253732800. இருவரிடமும் 23 உண்டு. 7 ஒரே முறை. இந்த எண் மட்டும் 23-ஐ வேண்டாம் என்று விட்டுவிட்டு, அதற்குப் பதிலாக இன்னொரு 7-ஐக் கையில் வைத்திருக்கிறது. 23-க்கு ஏற்கெனவே பழகிவிட்ட கண், 19-ஓடு நிறைந்துவிட்ட இந்த எளியவரைத் தாண்டிப் போயிருக்கலாம். என் ஊகம்தான் இது. ஆனால் ஊர்வலத்தில் நகை போடாமல் நடந்துபோகிறவரை யார் கவனிக்கிறார்கள்?

இதன் காரணிகளை எண்ணினேன். 7 × 5 × 3 × 3 என்ற அதே 315. மேலே நான்கு இரண்டுகளின் பெருக்கம் 16. 315 × 16 = 5040. ஐந்து ஆயிரத்தெட்டு!

பேனா கை நழுவியது. விட்டுப்போன எண்ணுக்கு ஐந்து சகஸ்ரநாமம். கடைசி எண்ணுக்குப் பத்து. இரண்டு எண்களின் உள்ளமைப்பையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினேன். 2520-ன் வர்க்கம் இங்கும் அங்கும். 11, 13, 17, 19 இங்கும் அங்கும். வித்தியாசம் ஒரே ஒரு 23. நடுங்கும் கையோடு 293318625600-ஐ 23-ஆல் பெருக்கினேன். வலது ஓரத்திலிருந்து ஒவ்வோர் இலக்கமாக இறங்கியது. 6746328388800.

தாயே! எழுத விட்டுப்போனது எங்கேயும் போகவில்லை! எழுதிய கடைசி வரிக்குள்ளேயே அது முழுசாக உட்கார்ந்திருக்கிறது! 102 எண்களின் முடிவில், மகுடம் போல நிற்கிற எண்ணைத் திறந்தால் உள்ளே விடுபட்டவள் சிரிக்கிறாள். உன் பிள்ளையின் பேனா தாண்டிப் போன இடத்தை நீ தாண்டவில்லை. நரசிம்மர் மார்பில் நீ எப்படி நீங்காமல் இருக்கிறாயோ அப்படி அந்த எண்ணின் மார்பில் இந்த எண் நீங்காமல் இருக்கிறது.

இதற்கு மேலும் உண்டு. 6746328388800 முழு வர்க்கம் இல்லை; ஆகவே அதன் காரணிகள் ஜோடி ஜோடியாக நிற்கும். ஒவ்வொரு காரணிக்கும் தன்னோடு பெருக்கினால் முழு எண்ணையும் தருகிற ஒரு துணை உண்டு. 1-க்குத் துணை முழு எண். 2-க்குத் துணை அதன் பாதி. தமிழ் எழுத்துகளின் 247-க்குத் துணை 27313070400. பத்தாயிரத்து எண்பதில் 5040 தம்பதிகள். உள்ளே இருப்பது ஒரே ஒரு 23 என்பதால் ஒவ்வொரு தம்பதியிலும் அது ஒருவரிடம்தான் இருக்க முடியும். 23 இல்லாத அந்த மற்றவர் யார்? விடுபட்ட எண்ணின் காரணி! ஒரு ஜோடி தப்பாமல், ஐயாயிரத்து நாற்பது திருக்கல்யாணத்திலும் மணமேடையில் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பது அவள் வீட்டு மனுஷிதான். சும்மா அடங்கிக் கிடக்கவில்லை, சரிபாதியாக ஆளுகிறாள். பெருமாளில் சரிபாதி தாயார் என்று பெரியவர்கள் சொல்வதைப் பென்சிலால் எண்ணிப் பார்க்கக் கொடுத்து வைத்தவள் நான்.

5040 என்ற எண்ணைப் பற்றி இன்னும் சில வார்த்தை. அதுவே ஓர் உயர் பகு எண். அட்டவணையின் கீழ்ப் படிகளில் நிற்கிறது. 1-லிருந்து 7 வரை பெருக்கினால் வருவது. கிரேக்க ஞானி பிளேட்டோ தன் ‘சட்டங்கள்’ நூலில் ஓர் உத்தம நகரத்துக்கு 5040 குடும்பங்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டார். தன்னைத் தவிர 59 எண்களால் வகுபடும், 1 முதல் 10 வரை தடையில்லாமல் பிரியும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். 11-ஆல் மட்டும் போகவில்லையே என்று பார்த்து, இரண்டு குடும்பத்தைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். 5038, அதாவது 11 × 458. அந்த இரண்டு குடும்பத்தின் நிலைமையை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை. பிளேட்டோ பெரிய ஆள்தான். ஆனாலும் 11 வேண்டுமென்றால் உள்ளே அழைத்துக்கொள்ள வேண்டுமே தவிர, யாரையோ வெளியே அனுப்பக் கூடாது. ராமானுஜனின் எண்கள் அழைத்துக்கொள்கின்றன.

1984-ல் இதே 5040 வேறோர் உயரத்தில் தோன்றியது. பிரெஞ்சுக் கணிதர் கீ ரோபின் நிறுவியது. ஓர் எண்ணின் காரணிகளையெல்லாம் கூட்டினால் வரும் தொகைக்கு அவர் ஒரு வரம்பு வைத்தார். 5040-ன் காரணிகளின் கூட்டுத்தொகை 19344. வரம்பு ஏறக்குறைய 19237. ஆக 5040 வரம்பை மீறுகிறது. அதற்குப் பின் வரும் எந்த எண்ணும் மீறாது என்று சொல்ல முடிந்தால், 1859 முதல் கணித உலகம் தவம் கிடக்கிற ரீமான் கருதுகோள் உண்மை. மீறும் ஒன்று கிடைத்தால் கருதுகோள் பொய். இன்றைக்கும் முடிவு தெரியவில்லை. கடைசியாக வரம்பைத் தாண்டிக் குதித்தவராகத் தெரிகிறவர் இந்த 5040, அதாவது விடுபட்ட எண்ணின் நாமக் கணக்கு.

இதில் ராமானுஜனுக்கும் பங்குண்டு என்பதுதான் எனக்குத் தேன். 1915-ல் அவர் எழுதியது முழுவதும் அச்சாகவில்லை. போர்க்காலம், சங்கத்துக்குப் பணமுடை. கட்டுரையின் பின்பகுதி நிறுத்தப்பட்டுக் காகிதமாகவே கிடந்தது. அந்தப் பகுதியில், ரீமான் கருதுகோளை மெய்யென்று வைத்துக்கொண்டு, காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு தூரம் உயரலாம் என்று அவர் அளந்து பார்த்திருக்கிறார். அவர் 1920-ல் பரமபதித்தார். அந்தப் பக்கங்கள் 1997-ல்தான் குறிப்புரையோடு முழுமையாக அச்சேறின. பதிப்பித்த இருவரில் ஒருவர் அதே ரோபின்! தான் போய்ச் சேர்ந்த சன்னதிக்கு எழுபது வருஷம் முன்பே ஒருவர் வந்து விளக்கேற்றிவிட்டுப் போயிருக்கிறார் என்று பார்த்தபோது அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்! ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ரோபினின் நம்பிக்கை பற்றி எனக்குக் கேள்வியே இல்லை. வகுத்தால் மீதி வராத இடத்தில் யார் நின்றாலும் எனக்கு அவர் பாகவதர்தான்.

இப்போதெல்லாம் என் மனம் 29-ஓடு திரிகிறது. 1 முதல் 28 வரை அத்தனை பேருக்கும் கொடுத்த 6746328388800-க்கு முன்னால் முதன்முதலாக ஏமாந்து நின்றது 29 தானே? வகுத்தால் 26 மீதி. விடுபட்ட எண்ணுக்கு முன்னால் 23-ம் அப்படித்தான் 17 மீதியோடு நின்றது. அதைத் தன்னோடு பெருக்கிச் சேர்த்துக்கொண்டபோது கடைசி எண் பிறந்தது. 29-க்கு ஒரு வழி வேண்டாமா? அட்டவணை முடிந்த இடத்திலிருந்து கையால் மேலே போனேன். அடுத்த உயர் பகு எண் 8995104518400. அதற்கு 10368 காரணிகள், ஆனால் 29 இல்லை, 23-ஓடு நிற்கிறது. அதற்கும் அடுத்தது 9316358251200. பிரிக்கிறேன்: 2 ஆறு முறை, 3 மூன்று முறை, 5 இரண்டு முறை, 7 ஒரே முறை, 11, 13, 17, 19, 23, பிறகு... 29! வந்துவிட்டது! ராமானுஜன் பேனாவை வைத்த இடத்திலிருந்து இரண்டே அடி தூரத்தில் அதற்குக் கதவு திறந்திருக்கிறது! காரணிகள் 10752. அதே கையோடு இன்னொன்றையும் பார்த்துவிட்டேன்: 29 உள்ளே வர, ஒரு 7 வெளியே போயிருக்கிறது, 3-லும் ஒன்று குறைந்திருக்கிறது. நேற்றுவரை சரியாகப் பிரிந்த 49-க்கும் 81-க்கும் இந்த எண்ணில் இடமில்லை. மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன். அந்த 7 திரும்பி வந்தாக வேண்டும், 3 திரும்பி வந்தாக வேண்டும். வருகிற வரைக்கும் நான் விடப்போவதில்லை, தாயே, நீயும் என்னை விடாதே.